அண்ணி சிரிக்காத ஆட்டம்

எங்கள் ஊர்ப் பொம்மலாட்ட விழாவை ஆரம்பித்தது யார் என்று கேட்டால் மைக்செட்காரர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். அவர் பேச்சை நம்பாதீர்கள். அவர் கொண்டுவந்து வைத்தது ஒலிபெருக்கியைத்தான். விழாவை ஆரம்பித்தது என் அண்ணி. அதுவும் ஒரு சிரிப்பால்.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள். அண்ணன் முட்டை வண்டி ஓட்டுகிறான். அண்ணி கோழிப்பண்ணையில் முட்டை பார்க்கிறாள். முட்டை பார்ப்பதென்றால் சும்மா இல்லை. இருட்டுக் கொட்டகையில் நின்றபடி ஒவ்வொரு முட்டையாக எடுத்து, விளக்குப் பெட்டியின் ஓட்டையில் வைத்துத் திருப்பி, ஓட்டில் விரிசல் இருக்கிறதா, உள்ளே ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லதை அட்டையில் அடுக்க வேண்டும், கெட்டதை வாளியில் போட வேண்டும். காலையில் நுழைந்தால் சாயங்காலம் வரை இதே வேலைதான். நான் அவர்கள் வீட்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஊரில் உம்மணாமூஞ்சி என்று பெயர். என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது, அது வேறு விஷயம்.

அண்ணியின் சிரிப்பு சாதாரணச் சிரிப்பு இல்லை. முதலில் மூக்கில் ஒரு சத்தம் வரும். அப்புறம் சத்தமே இருக்காது, தோள் மட்டும் குலுங்கும், கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டும். சரி, அடங்கிவிட்டது என்று நாம் மூச்சு விடும்போதுதான் அது வெடிக்கும். தெருமுனையில் கட்டிப்போட்டிருக்கும் நாய் எழுந்து குரைக்கும். கல்யாணப் போட்டோவில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள்; அண்ணி வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்க்கிறாள்; அண்ணன் அண்ணியைப் பார்த்து மிரண்டுபோய் நிற்கிறான். ஒருமுறை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது யாரோ தூங்கி வழிந்து நாற்காலியிலிருந்து சரிந்தார் என்று சிரிக்க, நர்ஸ் வந்து இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டாள். நான் என்ன பாவம் செய்தேன்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பண்ணையில் மேற்பார்வையாளர் அண்ணியின் மேஜையைத் தூக்கிக் கொட்டகையின் கடைசி மூலையில் போட்டுவிட்டார். "நீ சிரிச்சா மத்தவங்க கையில இருக்கற முட்டை கீழ விழுதும்மா" என்று அவர் சொன்னதை அண்ணி வீட்டுக்கு வந்து சொல்லிக் காட்டி, அதற்கும் சிரித்தாள்.

அந்தக் காலத்தில் ஒருநாள், பொம்மலாட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு எங்கிருந்தோ எங்கேயோ போய்க்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு வண்டி எங்கள் ஊர் வழியாக வந்தது. லாரிகளை எடை போடுகிற எடைமேடைக்குப் பக்கத்தில் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. உதிரிப்பாகம் வரும்வரை நகர முடியாது. குழுவின் தலைவர் பெரிய தொப்பி வைத்த மனிதர். அவர் பேசிய பாஷை எங்களில் யாருக்கும் புரியவில்லை. மைக்செட்காரர் கையைக் காலை ஆட்டிப் பேசி, சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு ஆட்டம் போடச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். சரி, அந்தப் புண்ணியம் அவருக்குத்தான். பண்ணையின் முட்டைக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது, எப்போதும் இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். அங்கே காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு ஊரே உட்கார்ந்தது.

எங்கள் ஊர் ஜனங்களுக்கு ஒரு குணம் உண்டு. தெரியாத ஒன்றைப் பார்த்தால் முகத்தை அசைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவனும் இதே ஊர்க்காரன். அன்றைக்கு மேடையில் ஒல்லியான ஒரு கிழவன் பொம்மை, கோட்டு போட்டுக்கொள்ளப் பார்த்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது. கை நுழைய வேண்டிய இடத்தில் தலை நுழைந்தது. தலையை எடுத்தால் கால் மாட்டிக்கொண்டது. எல்லாரும் கைகட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். திரைக்குக் கீழே தொப்பிக்காரரின் கால் தெரிந்தது. பாவம், அது நிலைகொள்ளாமல் இடம் மாறி மாறி நின்றது.

அப்போது அண்ணியின் மூக்கில் அந்தச் சத்தம் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி, வேணாம், வெளியூர்க்காரங்க முன்னாடி மானத்த வாங்காதீங்க" என்று தொடையில் கிள்ளினேன். எங்கே? வெடித்துவிட்டது. பொம்மை அப்படியே நின்றது. மெல்லத் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தது. கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, யார் அது என்று கேட்டது. அண்ணி இரண்டாவது தடவை வெடித்தாள். அதோடு கிடங்கே ஆடிப்போனது. எடைமேடைக்காரர் பெட்டியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். ஆட்டம் முடிந்ததும் தொப்பிக்காரர் வியர்க்க வியர்க்க வெளியே வந்து, நேராக அண்ணியிடம் நடந்து, தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்துவிட்டு, என்னவோ சொன்னார். என்ன சொன்னாரென்று கேட்காதீர்கள். கண் கலங்கியிருந்தது, அது புரிந்தது.

அடுத்த அறுப்பு முடிந்த கையோடு அவர் திரும்பி வந்தார், கூடவே இன்னும் சில நாட்டுக்காரர்களை அழைத்துக்கொண்டு. அப்படியே வருஷா வருஷம் கூடிக் கூடி, இன்றைக்கு அது சர்வதேசப் பொம்மலாட்ட விழா. பள்ளிக்கூடத்தில் ஆட்டம், டிராக்டர் கொட்டகையில் ஆட்டம், எடைமேடை மேலேயே ஆட்டம். மரத்தில் செய்த பொம்மை, பழைய செய்தித்தாளில் செய்த பொம்மை, கிழிந்த குடையை ராஜாவாக்கி ஆட்டுகிறவர்கள், வெறும் கையுறையை அழ வைக்கிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். வயலுக்கு நடுவில் போகிற எங்கள் தெருவில் உலகத்து பாஷையெல்லாம் கேட்கும். என் கடைக்கு எந்தெந்த நாட்டு ராஜாவின் கால்சட்டையெல்லாம் தைக்க வந்திருக்கிறது தெரியுமா? எந்தத் தையல்காரி இதைச் சொல்லிக்கொள்ள முடியும்?

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தேடுவது அண்ணியைத்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குலுக்கிக் காட்டுவார்கள். கண்டக்டரே கை காட்டிவிடுவார். முட்டைக் கிடங்கில் முன்வரிசையில் அண்ணிக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதற்கு மெத்தை தைத்துக் கொடுத்தது நான்தான். பெரிய பெரிய கலைஞர்கள் திரையை விலக்கி அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஊர்க்காரர்களுக்கும் அதுவே பழகிப்போனது. மேடையை ஒரு கண்ணாலும் அண்ணியை ஒரு கண்ணாலும் பார்ப்பார்கள். அண்ணி சிரித்தால் சிரிப்பு ஆட்டம். சிரிக்காவிட்டால் சோகக் கதை. அவ்வளவுதான் எங்கள் ஊர் ரசனை.

இப்படி ஒரு அம்மாவுக்கு மகளாகப் பிறப்பது லேசான காரியம் இல்லை. அண்ணியின் மகளை நாங்கள் மிளகாய் என்று கூப்பிடுவோம். சின்ன வயதிலேயே அப்படி ஒரு காரம். பள்ளிக்கூட விழாவில் அவள் பேச வேண்டியதை மறந்துபோய் மேடையில் முழித்தபோது, முதலில் சிரித்தது பெற்ற தாய். ஒட்டுமொத்தப் பள்ளிக்கூடமும் கூடச் சிரித்தது. வீட்டுக்கு வந்து மிளகாய் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு என் கடையில் வந்து படுத்துக்கொண்டாள். ஆனால் கிடங்கில் ஒரு ஆட்டத்தையும் விட மாட்டாள். பெட்டிகளுக்கு நடுவில் புகுந்து, திரைக்குப் பின்னால் போய், எந்தக் கயிற்றை இழுத்தால் எது அசைகிறது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தாள். பெரியவளானதும் நகரத்துக்குப் போய் ஒரு பொம்மலாட்டக் குழுவில் சேர்ந்தாள். மூட்டை தூக்கினாள், விளக்குப் பிடித்தாள், அடுத்தவர் பொம்மையை ஆட்டினாள். இந்த வருஷம்தான் அவளுடைய சொந்த ஆட்டம், அவளே செய்த பொம்மை, அவள் ஒருத்தியே ஆட்டுவது. விழாவின் கடைசி நாள், முட்டைக் கிடங்கில். அண்ணி அதைத் தெருவில் போகிற வருகிற எல்லாரிடமும் சொன்னாள். எனக்கே மூன்று தடவை சொன்னாள்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம் மிளகாய் என் கடைக்கு வந்தாள். அண்ணி அங்கேதான் முக்காலியில் உட்கார்ந்து எனக்குப் பொத்தான் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுடி."

"நாளைக்கு நீ சிரிக்கக் கூடாது."

என் கையில் மெஷின் நின்றது. அண்ணி பொத்தானைக் கீழே வைத்தாள். "நான் வராமயே இருந்திடவா?" என்றாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஐயோ, வரணும்மா! நீ இல்லாம நான் ஆடவே மாட்டேன். ஆனா சிரிக்காத. நீ சிரிச்சா ஊரே சிரிக்கும். அப்புறம் அவங்கள சிரிக்க வெச்சது என் பொம்மையா, நீயான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? இத்தன வருஷம் கத்துக்கிட்டு வந்திருக்கேன். எனக்கு அது தெரிஞ்சாகணும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, கொழுப்பா உனக்கு? உலகத்துல இருக்கறவன் எல்லாம் உங்கம்மா சிரிப்புக்குத் தவம் கெடக்கறான். நீ பெரிய இவ, வேணாங்கறியா?"

"அத்தை, உங்களுக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? உனக்கு மொத மொதல்ல பொம்மைச் சட்டை தெச்சுக் குடுத்தவடி நான்!"

"நீ சும்மா இரு" என்று அண்ணி என்னை அடக்கினாள். "அவ கேக்கறதுல என்ன தப்பு? அவ ஒழைப்பு அவளுக்குத் தெரிய வேணாமா?" பிறகு மகளைப் பார்த்து, "சிரிக்கல. உன் பொம்மை தலைகீழா நின்னாலும் சிரிக்க மாட்டேன். போதுமா?" என்றாள்.

மிளகாய் போனதும் அண்ணி என் கடைக் கண்ணாடி முன்னால் நின்று சிரிக்காமல் இருக்கப் பழகிப் பார்த்தாள். உதட்டை இறுக்கினாள், கன்னத்தை உறிஞ்சினாள். தன் மூஞ்சியைத் தானே பார்த்து வெடித்துவிட்டாள். "செத்தேன் போ" என்று முக்காலியில் உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கிடங்கில் நிற்க இடமில்லை. வெளிநாட்டுக் குழுக்கள் எல்லாம் பின்சுவரோரம் நின்றன. தொப்பிக்காரரும் வந்திருந்தார், இப்போது தலை நரைத்துப்போய். அண்ணி வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற பூப்போட்ட தலைத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

விளக்கு அணைந்தது. மேடையில் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு விளக்குப் பெட்டி, பக்கத்தில் முட்டை அட்டைகள். மேஜைக்குப் பின்னால் மிளகாய் கறுப்பு உடையில் நின்றாள். அவள் கையில் ஒரு பெண் பொம்மை எழுந்தது. முகம் முழுக்க முட்டை அட்டையை ஊற வைத்து அரைத்த கூழில் செய்தது. அதே சாம்பல் நிறம், அதே சொரசொரப்பு. தலையில் ஒரு பூப்போட்ட துணி. அண்ணியின் தலைத்துணியை வெட்டியதில் மிஞ்சி, போன மாதம் என் கடையில் காணாமல் போன துண்டுத் துணி அது! யார் எடுத்ததென்று நான் அண்ணனையெல்லாம் திட்டியிருந்தேன். பொம்மை ஒரு முட்டையை எடுத்தது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது, வெளிச்சத்தில் வைத்துத் திருப்பியது. அந்தத் தலைச் சாய்ப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் அண்ணி. அச்சு அசல் என் அண்ணி.

கதை இதுதான். ஒரு முட்டையை வெளிச்சத்தில் வைத்தால் அது கிச்சுகிச்சு மூட்டியது போல் நெளிகிறது. அதைப் பார்த்துப் பொம்மைக்குச் சிரிப்பு வருகிறது. உடனே மேஜைக்குக் கீழிருந்து ஒரு பெரிய மூக்குக்கண்ணாடி மட்டும் எழுந்து முறைக்கிறது. அதுதான் மேற்பார்வையாளர். பொம்மை சிரிப்பை அடக்குகிறது. முட்டையை அட்டைக்கு அடியில் ஒளிக்கிறது, அட்டை நெளிகிறது. வாளியில் போடுகிறது, வாளி நெளிகிறது. கடைசியில் முட்டை மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. இப்போது பொம்மையே நெளிகிறது. மூக்குக்கண்ணாடி சுற்றிச் சுற்றி வருகிறது.

பக்கத்தில் அண்ணியின் மூக்கில் அந்தச் சத்தம். சட்டென்று தலைத்துணியை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஊர் வழக்கப்படி எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணீரும் கம்பலையுமாக ஒரு பொம்பளை. மேடையில் அவளைப் போலவே ஒரு பொம்மை, முறைக்கிற மேலதிகாரி. அவர்கள் என்ன நினைப்பார்கள்?

"அழறா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அழ மாட்டாளா? எத்தன வருஷமா அந்தக் கொட்டாயில கெடந்து அவதிப்படறா."

"வெளிய சிரிச்சுக்கிட்டே உள்ள எவ்வளவு வேதனையோ, பாவம்."

எடைமேடைக்காரர் மூக்கைச் சிந்தினார். மைக்செட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிடங்கு பூராவும் உச்சுக் கொட்டுகிற சத்தம். அடப் பாவிகளா! மேடையில் ஒரு பொம்மை முட்டை மேல் உட்கார்ந்து துள்ளுகிறது, நீங்கள் ஒப்பாரி வைக்கிறீர்களே!

மிளகாய்க்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். பொம்மையின் கை தவறியது. முட்டை உருண்டது, அவசரமாகப் பிடித்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. பள்ளிக்கூட மேடையில் முழித்தாளே, அதே முழி. அவள் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது தெரிந்துவிட்டது, அம்மா இல்லாமல் அவள் பொம்மைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் அண்ணியின் காதில், "விட்டுடுங்க அண்ணி, சிரிச்சுடுங்க, பிள்ளை தவிக்கறா" என்றேன். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டு முடியாது என்று தலையை ஆட்டினாள்.

அப்போது பொம்மை நிமிர்ந்தது. மூக்குக்கண்ணாடியைப் பொருட்படுத்தாமல் மேஜை விளிம்புக்கு வந்து கூட்டத்தைப் பார்த்தது. அழுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு மேஜையை விட்டு இறங்கி, மிளகாயின் கையோடு நடந்து, அண்ணியின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அண்ணி வாயிலிருக்கும் துணியைத் தொட்டது. தன் தலையில் இருக்கும் துணியைத் தொட்டது. இரண்டும் ஒரே துணி என்று கண்டுகொண்டது. எடு என்று சைகை காட்டியது.

அண்ணி மாட்டேன் என்று தலையாட்டினாள்.

பொம்மை துணியின் நுனியைப் பிடித்து இழுத்தது. அண்ணி பல்லால் கடித்துக்கொண்டாள். இன்னும் பலமாக இழுத்தது. அண்ணி அந்தப் பக்கம் இழுத்தாள். மிளகாயின் கண்ணில் எனக்குத் தெரிந்த அந்தப் பழைய காரம் வந்துவிட்டது. பொம்மை ஒரு காலைத் தூக்கி அண்ணியின் முழங்காலில் மிதித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, மூச்சுப் பிடித்து இழுத்தது. அண்ணி சத்தியம் செய்து கொடுத்தவள், விடுவாளா? கடைசியில் பொம்மை தொப்பென்று அவள் மடியில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்தது. களைத்துப்போய், அதே துணியின் மறுநுனியை எடுத்துத் தன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டது. பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தது. நீயாவது சொல்லக் கூடாதா என்கிற மாதிரி ஒரு பார்வை.

கிடங்கில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தது நான். எனக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது. ஆணி பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம். உம்மணாமூஞ்சி சிரிக்கிறாள் என்று எடைமேடைக்காரருக்கு மூளையில் உறைக்க ஒரு கணம் ஆயிற்று. அடுத்த கணம் மனிதர் பெட்டியோடு கவிழ்ந்தார். பின்சுவரோரம் தொப்பிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மைக்செட்காரர் அழுத கண்ணோடு சிரித்தார். ஊரே சிரித்தது, பொம்மையைப் பார்த்து. ஒருத்தரும் அண்ணியின் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கவில்லை.

மிளகாய் அப்படியே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். பொம்மை அம்மா மடியிலேயே இருந்தது. "அம்மா! அவங்களா சிரிக்கறாங்கம்மா. நீ சிரிக்கல! நீ சிரிக்கவே இல்லம்மா!" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

அண்ணி வாயிலிருந்த துணியைக் கொஞ்சமாக விலக்கினாள். முகம் செக்கச்செவேலென்று சிவந்து, நரம்பு புடைத்து, தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"நீதானடி சிரிக்காதன்ன" என்றாள். "இப்பவாவது சிரிக்கட்டுமா?"

"சிரிம்மா."

அண்ணி துணியைக் கீழே போட்டாள். தெருமுனையில் நாய் எழுந்து குரைத்தது.